நெகிழி மாதிரிக் கார்கள்: அச்சு வந்த வழியும் கை செய்த வண்டியும்

உண்மையான கார் ஒன்றின் அளவுகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, நெகிழித் துண்டுகளை ஒட்டியும் வண்ணம் பூசியும் கட்டப்படும் சிறு வண்டி நெகிழி மாதிரிக் கார் எனப்படும். பேச்சு வழக்கில் பிளாஸ்டிக் மாடல் கார் என்பார்கள். கடையில் வாங்கி அப்படியே தரையில் உருட்டும் பொம்மைக் கார் வேறு, இது வேறு. மாதிரிக் கார் ஒரு பெட்டிக்குள் பல துண்டுகளாக வரும். வாங்குபவர்தான் அதைக் காராக்க வேண்டும். இப்பெட்டியை ஆர்வலர்கள் 'கிட்' என்றே அழைக்கின்றனர். கிட்டில் உள்ளபடியே கட்டுவது ஒரு வகை. கூரையைத் தாழ்த்தி, சக்கரத்தை மாற்றி, வேறொரு கிட்டின் எஞ்சினைப் பொருத்தித் தன் விருப்பப்படி புதிய வண்டியாக ஆக்குவது இன்னொரு வகை. இரண்டாவது வகையே இக்கலையைப் பெரியவர்களின் பொழுதுபோக்காகவும் வளர்த்தது.

இக்கலை அமெரிக்காவில் பிறந்தது. பிரிட்டனிலும் ஜப்பானிலும் வளர்ந்தது. தமிழ்நாட்டுக்குக் கிட் வடிவில் அது மிகக் குறைவாகவே வந்தது. ஆனால் திருச்சிராப்பள்ளி, துறையூர், முசிறி, நாமக்கல், கரூர் எனத் தொடரும் காவிரி வட்டாரத்தில், இதே ஆசை வேறோர் உருவம் எடுத்தது. ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு விடை, வார்ப்பு அச்சு யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது.

பழைய சிறுதேர்

சுருக்க உருவில் வண்டி செய்து விளையாடுவது தமிழருக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை எனப்படும் இரண்டு சங்க நூல்களிலுமே பொம்மைத் தேர் வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகின்றனர். உலரும் உணவைத் தின்ன வரும் கோழியின் மேல் பெண்கள் வீசிய கனத்த காதணி அத்தேரின் வழியை மறிக்கிறது. நகரத்தின் செல்வத்தைக் காட்ட வந்த இடம் இது. ஆனால் தேருக்குச் சக்கரம் மூன்று என்று கணக்குச் சொல்லிச் சென்றது நம் நல்வினை. பெரும்பாணாற்றுப்படையில் வருவது இன்னும் நுட்பமானது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி அழகாகச் செய்த, ஏறி ஓட்ட முடியாத தேர் என்று அது பேசப்படுகிறது. தானே செய்யத் தெரிந்த வீட்டுப் பிள்ளையும் விரும்பினால் வேலைப்பாடு எப்படி இருந்திருக்க வேண்டும்! பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாலுக்குரிய பத்தாம் பருவமே சிறுதேர்ப் பருவம்தான்.

இவை மரத்தேர்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செதுக்கப்பட்டது. ஒரே தேரை ஆயிரம் படி எடுக்க வழியில்லை. அந்த வழியை நெகிழியும் எஃகு அச்சும்தான் திறந்தன.

டெட்ராய்ட்டின் விளம்பரப் பொம்மை

மாதிரிக் கார் கிட்டின் தாய் ஒரு விளம்பரப் பொருள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் அமெரிக்காவில் கார் விற்பனை பெருகியது. புதிதாக வரும் காரின் சிறிய உருவத்தை அதே வண்ணத்தில் செய்து விற்பனையாளர்களிடம் கொடுத்தால் வாடிக்கையாளரிடம் காட்டலாம், அவர் வீட்டுப் பிள்ளைக்குப் பரிசாகவும் தரலாம் என்று நிறுவனங்கள் கருதின. டெட்ராய்ட்டைச் சேர்ந்த வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் 1948இல் இதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார். முதலில் அலுமினியத்தில் வார்த்ததால் அதன் பெயர் அலுமினியம் மாடல் டாய்ஸ், சுருக்கமாக ஏ.எம்.டி. விரைவிலேயே அது நெகிழிக்கு மாறியது. தொடக்கத்தில் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் என்ற நெகிழி காலப்போக்கில் வளைந்து நெளிந்துவிடும். அக்காலக் கார்களைச் சேமித்து வைத்திருப்போரிடம் இன்று பல வண்டிகள் கூரை தொய்ந்து, வாழைப்பழம் போல வளைந்து கிடக்கின்றன. பின்னர் வந்த பாலிஸ்டைரீன் இக்குறையைத் தீர்த்தது.

1958இல் ஏ.எம்.டி. செய்த ஒரு மாற்றம் இக்கலையின் போக்கையே திருப்பியது. முழுதாக ஒட்டித் தந்த விளம்பரக் காரைப் பிரித்து, துண்டுகளாகவே பெட்டியில் போட்டு, கூடுதல் துண்டுகளையும் சேர்த்து விற்றது. ஒரே பெட்டியைக் கொண்டு மூன்று வகையில் கட்டலாம்: தொழிற்சாலையில் வந்தபடி, ஆசைப்படி மாற்றியமைத்து, அல்லது பந்தயக் காராக. 'ஒன்றில் மூன்று' என்ற இந்தப் பெட்டிகள் பெரும் வெற்றி பெற்றன. கட்டுபவர் முன் ஒரு தெரிவை வைத்ததே அதற்குக் காரணம். எந்தச் சக்கரம், எந்த முகப்பு என்று முடிவு செய்யும்போது பன்னிரண்டு வயதுச் சிறுவன் வடிவமைப்பாளன் ஆகிவிடுகிறான்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் பெரிய கார்களையே வெட்டி ஒட்டி மாற்றும் பட்டறைகள் புகழ் பெற்றிருந்தன. ஜார்ஜ் பாரிஸ், ஜீன் வின்ஃபீல்டு, எட் ராத் போன்றவர்கள் அத்துறையின் நட்சத்திரங்கள். மாதிரி நிறுவனங்கள் இவர்களைத் தேடிப் பிடித்தன. பாரிஸ் ஏ.எம்.டி.க்கு ஆலோசகரானார், ராத்தின் விசித்திர வண்டிகளை லூயிஸ் கிளேசர் தொடங்கிய ரெவெல் நிறுவனம் கிட்டாக விற்றது. வின்ஃபீல்டு ஏ.எம்.டி.யின் பட்டறையை நடத்தியபோது 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடருக்கான கலிலியோ விண்ணோடத்தின் முழு அளவு உருவத்தைக் கட்டினார். மாதிரிக் கார் நிறுவனம் ஒன்று விண்ணோடம் கட்டியது வேடிக்கைதான். ஆனால் பெரியதைச் சிறியதாக்கும் கைக்கு இல்லாத ஒன்றைக் கட்டுவது எளிது.

நெகிழிக்கு முன்பே அமெரிக்காவில் வேறொரு முயற்சி நடந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் மாதிரி செய்யும் போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியை நுணுக்கமாகச் செய்ய வேண்டும். 1937 முதல் தாமே கற்பனை செய்த காரின் மாதிரியையும் அனுப்பலாம். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. மரக்கட்டையைச் செதுக்கி, பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடித்த பிள்ளைகள் பலர் பின்னாளில் கார் வடிவமைப்பாளர்கள் ஆயினர். 1947இல் முதல் பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டன் அந்த நிறுவனத்திலேயே வடிவமைப்புத் துறையின் தலைவராக உயர்ந்தார். விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கப்படும் ஒன்று தொழிற்கல்வியாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ், ஜப்பானில் தமியா ஆகியவை இத்துறையின் பெரும் பெயர்கள். தமியா 1946இல் சிசுவோகா நகரில் மர அறுவை ஆலையாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, 1960இல் நெகிழிக்கு மாறியது. 1967இல் அது வெளியிட்ட ஹோண்டா பந்தயக் கார், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் நுணுக்கத்துக்குப் பெயர் பெற்றது.

விகிதமும் வேலைமுறையும்

மாதிரியின் அளவு விகிதத்தால் குறிக்கப்படும். 1:25 என்றால் உண்மைக் காரின் இருபத்தைந்து சென்டிமீட்டர் மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். அம்பாசிடர் காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். 1:25 அளவில் அது ஏறக்குறைய 17 செ.மீ.; 1:43 அளவில் 10 செ.மீ.; 1:64 அளவில் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1:25, ஜப்பானியக் கிட்டுகள் 1:24. 1:43 என்ற விந்தையான எண் பொம்மை இரயிலிலிருந்து வந்தது. பிரிட்டனில் ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்த இரயிலின் பக்கத்தில் நிறுத்தக் கார் செய்தபோது இந்த விகிதம் அமைந்தது.

நெகிழித் துண்டுகள் ஊசிவார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. உருகிய பாலிஸ்டைரீன் எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தப்படும். குளிர்ந்ததும் துண்டுகள் ஒரு சட்டத்தோடு ஒட்டியபடியே, காம்பில் தொங்கும் காய்கள் போல வெளிவரும். அவற்றைக் கூர்மையான கட்டரால் நறுக்கி, காம்பு இருந்த தழும்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும். ஒட்டப் பயன்படுவது சாதாரணப் பசையன்று. நெகிழியின் மேற்பரப்பைச் சற்றே கரைக்கும் கரைப்பான் அது. இரு துண்டுகளும் உருகி ஒன்றாகிவிடும். அதனால் தவறாக ஒட்டியதைப் பிரிப்பது கடினம். இதன் ஆவி தலைச்சுற்றலைத் தரும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்ய வேண்டும். பிறகு பிரைமர், அதன் மேல் வண்ணம், கடைசியாக நீரில் ஊறவைத்து நழுவவிடும் படத்தாள்.

மாற்றியமைப்பதில் மிகப் பழைய வித்தை கூரையைத் தாழ்த்துவது. கண்ணாடிகளைத் தாங்கும் தூண்களை அறுத்து, உயரத்தைக் குறைத்து மீண்டும் ஒட்டுவார்கள். உண்மைக் காரில் 10 செ.மீ. குறைத்தால் வண்டியின் தோற்றமே மாறும். 1:25 மாதிரியில் அது வெறும் 4 மில்லிமீட்டர். அந்த 4 மில்லிமீட்டரை நான்கு மூலையிலும் ஒரே சீராக அறுக்க முடியாமல் கெட்டுப்போன கூரைகளுக்குக் கணக்கே கிடையாது. இடைவெளியைப் பட்டி வைத்து நிரப்பி, காய்ந்ததும் தேய்க்க வேண்டும். கவனிக்க: பட்டி, உப்புத்தாள், பிரைமர் ஆகிய மூன்றும் நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் பெரிய வண்டிக்குப் பயன்படும் அதே சொற்கள், அதே வரிசை.

அச்சுகளின் பயணம்

ஒரு கிட்டின் விலையில் நெகிழியின் பங்கு சிறிது. எஃகு அச்சுதான் முதலீடு. பல இலட்சம் வார்ப்புகளைத் தாங்கக்கூடியது என்பதால், நிறுவனம் அழிந்தாலும் அச்சு வாழும். ஏ.எம்.டி.யின் அச்சுகள் 1978இல் பிரிட்டனின் லெஸ்னியிடமும் பின்னர் வேறு கைகளுக்கும் போயின. அறுபது ஆண்டுக்கு முந்தைய கார் உருவங்கள் இன்றும் புதிய பெட்டியில் விற்கப்படுகின்றன.

இந்தியாவுக்கும் இப்படி அச்சுகள் வந்தன. ஆனால் அவை நெகிழிக் கிட்டின் அச்சுகள் அல்ல, உலோக வார்ப்புப் பொம்மையின் அச்சுகள். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் தயாரித்த டிங்கி கார்கள் உலகப் புகழ் பெற்றவை. அதற்கு உற்பத்தி முடிந்துபோன சில அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கொல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. அங்கே அவை 'நிக்கி' என்ற பெயரில் மீண்டும் வார்க்கப்பட்டன. 'டிங்கி' என்ற எழுத்தை அழித்துவிட்டு 'நிக்கி' ஆக்கிக்கொண்டார்கள். டிங்கியின் ஸ்டாண்டர்டு அட்லஸ் சிற்றுந்து இங்கே 'ஸ்டாண்டர்டு 20' ஆனது. காரணம், அந்த வண்டியைச் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அந்தப் பெயரில்தான் உற்பத்தி செய்தது. சென்னை வண்டி ஒன்றின் சிறு உருவம் லிவர்பூலில் பிறந்து கொல்கத்தாவில் பெயர் மாறியது இப்படித்தான். மில்டன், மேக்ஸ்வெல் என்ற பெயர்களிலும் கொல்கத்தாவிலிருந்து உலோகக் கார்கள் வந்தன.

இதில் ஆழ்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பொம்மைக் காருக்கு நடந்தது உண்மைக் காருக்கும் நடந்தது. பிரிட்டனில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்று ஓடிய கார்தான், அதே மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆகி 2014 வரை உற்பத்தியில் இருந்தது. மும்பையின் பிரீமியர் பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100. அங்கே காலாவதியான அச்சு இங்கே புதுவாழ்வு பெற்றது. பெரியதும் சிறியதும் ஒரே கப்பல் வழியில் வந்தன எனலாம்.

ஆனால் ஒட்டிக் கட்டும் நெகிழிக் கிட்டுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. நுகர்பொருள் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில், வெளிநாடு சென்று வந்த உறவினர் கொண்டுவந்தால் உண்டு. 1980களின் பிற்பகுதியில் நிலை சற்று இளகியது. புளோ பிளாஸ்ட் குழுமத்தின் லியோ நிறுவனம் மேட்டலுடன் சேர்ந்து ஹாட் வீல்ஸ் கார்களை இந்தியாவில் தயாரித்தது. 1987இல் சென்னை எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் தோன்றியது. இவை கொடுத்தவை முழுமையான பொம்மைகள். கட்டும் வேலை அவற்றில் இல்லை. அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் முற்றிலும் நீங்கின. அதன் பின்னரே கிட்டுகள் பெருநகரக் கடைகளில் கண்ணில் படத் தொடங்கின.

அப்போதும் பெட்டிக்குள் இருந்தவை மஸ்டாங்கும் போர்ஷேயும்தான். தமியா, ரெவெல், ஏ.எம்.டி. ஆகியவற்றின் வரிசைகளில் அம்பாசிடர் இல்லை. அசோக் லேலண்ட் பேருந்து இல்லை. டாடா லாரி இல்லை. விதிவிலக்கு ஜீப். வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா 1947 முதல் இந்தியாவில் பூட்டி விற்றதால், போர்க்கால வில்லிஸ் கிட்டை வாங்கி மகிந்திரா ஜீப்பாக மாற்றலாம். மற்றபடி டெல்லியின் சென்டி நிறுவனம் செய்யும் நெகிழி அம்பாசிடர், ஆட்டோ, லாரிப் பொம்மைகளே இந்திய ஆர்வலருக்கு மூலப்பொருள். பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும் அந்தப் பொம்மையைத் திருகு கழற்றிப் பிரித்து, வண்ணம் மாற்றி, பதிவெண் எழுதி, உள்ளே இருக்கை விரித்து மாதிரிக் காராக உயர்த்துகிறார்கள்.

காவிரிக் கரையில் பாடி கட்டுதல்

துறையூர், பச்சைமலை அடிவாரத்தில் திருச்சிக்கு வடக்கே ஏறக்குறைய 45 கி.மீ. தொலைவில் உள்ள ஊர். அதற்கு மேற்கே நாமக்கல். தென்மேற்கே, ஆற்றுக்கு அக்கரையில் கரூர். நாமக்கல் லாரிக்கு, கரூர் பேருந்துக்கு, நாமக்கல்லுக்கு மேற்கே திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு என்று இந்தியா முழுவதும் பெயர் பெற்றவை. அங்கே செய்யப்படுவது எஞ்சின் அன்று. 'பாடி' என்ற கூண்டு.

தொழிற்சாலையிலிருந்து வண்டி வெறும் சேஸாக வரும். சட்டம், எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் அவ்வளவே. தலைக்கு மேல் கூரையில்லாமல், முகத்தில் துணி சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ஓட்டுநர் அதைப் பட்டறைக்கு ஓட்டி வருவதை இவ்வட்டார நெடுஞ்சாலைகளில் கண்டவர் பலர். பட்டறையில்தான் அது லாரியாகவோ பேருந்தாகவோ ஆகும். தச்சர் மரச்சட்டமும் பலகையும் இழைப்பார். வெல்டர் குழாயையும் தகட்டையும் பொருத்துவார். டிங்கர் வளைவைத் தட்டி எடுப்பார். பெயிண்டர் பட்டி பார்த்து வண்ணம் அடித்து, உரிமையாளரின் குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் முகப்பில் எழுதுவார். ஒரே சேஸ் பத்து உரிமையாளர்களுக்குப் பத்து வண்டியாகும். கலிபோர்னியாவில் பாரிஸ் பட்டறை சில பணக்காரருக்குச் செய்ததை, இங்கே ஒரு வட்டாரமே அன்றாடப் பிழைப்பாகச் செய்தது.

இதன் விளைவு சிறுவர் விளையாட்டிலும் தெரிந்தது. அமெரிக்கப் பிள்ளைக்குத் தொழிற்சாலைக் கார்தான் தொடக்கம். அதை அவன் மாற்றினான். இவ்வட்டாரப் பிள்ளை கண்டதோ ஒன்றுமில்லாத சட்டத்தின் மேல் வண்டி எழும்புவதை. அவனும் ஒன்றுமில்லாததிலிருந்தே தொடங்கினான். நுங்கு தின்ற பின் கூந்தல் இரண்டைக் குச்சியில் செருகி ஓட்டும் நுங்கு வண்டி எல்லார்க்கும் தெரிந்தது. அதற்கு அடுத்த படி தீப்பெட்டி லாரி; அதற்கும் அடுத்தது அட்டைப் பேருந்து. சக்கரத்துக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக அறுப்பார்கள். அச்சுக்குச் சைக்கிள் கம்பி. கண்ணாடிக்குப் பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவிய தாள். இவற்றில் எதுவும் கடையில் விலைக்கு வாங்கியதன்று.

நெகிழி இக்கைவேலைக்குள் கிட்டாக வரவில்லை, தகடாக வந்தது. விளம்பரப் பலகை செய்யவும் சமையலறை அலமாரி செய்யவும் பயன்படும் பி.வி.சி. ஃபோம் ஷீட்தான் அது. சன் போர்டு, மல்டிவுட் என்று வேறு பெயர்களில் விற்கப்படும் தகடுகளும் இவ்வேலைக்கு உதவுகின்றன. கத்தியால் வெட்டலாம், சூடு காட்டினால் வளையும், பட்டியும் வண்ணமும் பிடிக்கும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்று பேருந்து மாதிரி செய்வோர் பலருக்கும் இதுவே முதன்மைப் பொருள். 11 மீட்டர் நீளப் பேருந்து 1:24 அளவில் சுமார் 46 செ.மீ. வரும். மேசை மேல் நிற்கும் அளவு. பெரிதாகச் செய்து மோட்டாரும் ரிமோட்டும் வைத்து ஓட்டுவோரும் உண்டு.

வரைபடம் கிடையாது என்பதே இதில் முதல் சிக்கல். கிட் செய்யும் நிறுவனத்துக்குக் கார் நிறுவனம் வரைபடம் கொடுக்கும். கரூர்ப் பட்டறையில் கட்டிய பேருந்துக்கு அப்படி ஒன்றைத் தேடி எங்கே போவது? எனவே செய்பவர் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியை நேர்ப்பக்கம், பின்பக்கம், இரு பக்கம் எனப் படம் எடுக்கிறார். தெரிந்த ஓர் அளவை வைத்து மற்றதைக் கணக்கிடுகிறார். சக்கரத்தின் விட்டம் தெரிந்தால் போதும். படத்தில் அதன் அளவைக் கொண்டு சன்னலின் அகலத்தைக் கண்டுபிடிக்கலாம். எட்டாம் வகுப்பு விகிதசமக் கணக்குதான், ஆனால் புத்தகத்தில் போட்டபோது தேறாதவர்களும் இதில் பிசகுவதில்லை. வண்ணக் கோடுகளையும் பெயர்ப் பலகையையும் கணினியில் வரைந்து ஸ்டிக்கர் கடையில் வெட்டி வாங்குகிறார்கள். படிக்கட்டு, கம்பி, முன்கண்ணாடியில் தொங்கும் மாலை, பின்புறம் எழுதிய எச்சரிக்கை வாசகம் வரை ஒன்றும் விடுபடுவதில்லை.

மறைந்தவற்றின் பதிவு

இம்மாதிரிகளைச் சிறுபிள்ளை வேலை என்று தள்ளக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. 1972 முதல் தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பல்லவன், சோழன், சேரன், பாண்டியன் என்று பெயர் பெற்றிருந்தன. திருச்சி வட்டாரத்தில் தீரன் சின்னமலை பெயரில் பேருந்துகள் ஓடின. 1997இல் தலைவர்களின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டு, பெரும்பாலான கழகங்கள் ஒரே பெயரின் கீழ் வந்தன. பழைய வண்டிகள் பழைய இரும்புக்குப் போயின. அந்தப் பெயர் எழுதிய பலகை, அந்தச் சன்னல் கம்பி, அந்த வளைந்த முகப்பு ஆகியவற்றை முப்பரிமாணத்தில் இன்று காண வேண்டுமென்றால், நினைவிலிருந்தும் மங்கிய புகைப்படத்திலிருந்தும் யாரேனும் செய்த மாதிரிதான் கைகொடுக்கும்.

பெரிய வண்டிகளும் மாறி வருகின்றன. பேருந்துக் கூண்டுக்கு ஏ.ஐ.எஸ். 052, லாரிக் கூண்டுக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற விதித்தொகுப்புகள் உள்ளன. வெளியேறும் வழி எங்கே, இருக்கை எவ்வளவு உறுதி என்பவற்றை அவை வரையறுக்கின்றன. 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் குளிரூட்டிய ஓட்டுநர் அறை இருக்க வேண்டும் என்பதும் விதி. விபத்தில் உயிர் காக்கும் விதிகளை யாரும் குறை சொல்ல முடியாது. வெயிலில் வெந்த ஓட்டுநருக்கு அது காலங்கடந்து கிடைத்த நீதி. ஆயினும் பட்டறைக்குப் பட்டறை மாறிய மரக்கூண்டுகளும் கையெழுத்து முகப்புகளும் இதனால் குறைந்துகொண்டே போகும். அருங்காட்சியகத்தில் லாரி வைக்க இடம் ஏது?

கிட் கட்டுவோரின் கவலை வேறு. சுங்க அட்டவணையில் பொம்மைகளும் சுருக்க அளவு மாதிரிகளும் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 1,000 ரூபாய் மதிப்புள்ள கிட்டுக்கு அடிப்படை வரி மட்டுமே 700 ரூபாய். 2021 சனவரி முதல் பொம்மைகளுக்குத் தரச் சான்றும் கட்டாயமானது. மலிவான, நச்சு வண்ணம் பூசிய பொம்மைகளைத் தடுக்கவும் உள்நாட்டுத் தொழிலைக் காக்கவும் வந்த நடவடிக்கைகள் இவை. நோக்கம் சரியே. ஆனால் உள்நாட்டில் யாரும் பெரிய அளவில் செய்யாத ஒரு பொருளுக்கு அதே வரி விழுவதால் பயன்பெற உள்நாட்டுத் தொழிலே அங்கில்லை; கிட் மாணவர் கைக்கு எட்டாத பொருளாகவே நிற்கிறது.

அதனால் கிட் தேடுவோர் குறைவாகவும் ஃபோம் ஷீட் வெட்டுவோர் மிகுதியாகவும் இருப்பதில் வியப்பில்லை. முடிந்த வண்டிகள் போய்ச் சேரும் இடங்களும் பலவகை. சில பேருந்து உரிமையாளரின் அலுவலக மேசைக்குப் போகின்றன. சில பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு. நவராத்திரி வந்தால் திருவரங்கம் போன்ற ஊர்களில் கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைப்பாரியால் புல்வெளி அமைத்து, 'பார்க்' வைக்கும் வழக்கம் உண்டு. அதன் சாலையில் கொல்கத்தா உலோகக் கார், சென்டி அம்பாசிடர், அட்டையில் செய்த ஊர்ப் பேருந்து எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றின் அளவு விகிதம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. சில வீடுகளில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் சிறு மரத்தேர் ஒன்றும் இருக்கும். அதை உருட்டக் கயிறு கட்டியிருப்பார்கள்.